பூந்தொட்டிக்கு எந்த மண்?

பெங்களூரு லால்பாக்கில் ஜனவரி 26, ஆகஸ்டு 15 ஆகிய நாட்களையொட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க்காட்சி நடக்கிறது. 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பலர் கையில் ஒரு பூச்செடி இருக்கும். பூத்துக் குலுங்கியபடி வீட்டுக்கு வந்த செடி இரண்டு மாதத்தில் வாடிவிடுகிறது. "நமக்குக் கைராசி இல்லை" என்று நொந்துகொள்வார்கள். கைராசி என்ன செய்யும்? பெரும்பாலும் குற்றம் மண்ணில்தான்.

பெங்களூருவின் செம்மண் தரையில் நல்ல மண். தொட்டியில் அதை மட்டும் நிரப்பினால், தினமும் நீர் ஊற்ற ஊற்ற இறுகிப் போகும். வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். காற்றில்லாமல் வேர் அழுகினால் நீரை உறிஞ்சாது, இலை வாடும். வாட்டத்தைக் கண்டு இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். அத்தோடு செடி தீர்ந்தது.

அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. பொடி மண்ணிலுள்ள நீர் பருத்த ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. அதன் மேலேயே நிற்கும். ஈரம் வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். மண் ஒழுகாமல் இருக்கத் துளைமேல் ஓர் ஓட்டுத்துண்டு போதும்.

நர்சரிகளில் இப்போது செடிகள் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளில் வளர்கின்றன. 'கோகோபீட்' என்று கட்டியாக விற்பது இதுதான். பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளில் வேண்டாத கழிவாகக் குவிந்து கிடந்த பொருளுக்கு இன்று இத்தனை மவுசு! தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டே காற்றுக்கும் இடம் விடும். பால்கனிக்குப் பளுவும் குறைவு. ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீரை மாற்றி ஊறவைத்துப் பிழியாவிட்டால் இலை ஓரம் கருகும். சத்தும் அதில் சொற்பம், உரமிட்டே ஆகவேண்டும்.

நார்த்தூளில் வளர்ந்த வேர்க்கட்டியை அப்படியே செம்மண் நடுவே வைத்தால் இரண்டும் ஒரே சீராக நனையாது. செம்மண், கழுவிய நார்த்தூள், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து, இரண்டு கை பெருமணலும் சேர்த்து நடுவது நல்லது. எம்-சாண்ட் என்றால் தூசு போகக் கழுவ வேண்டும். ஈரக் கலவையைக் கையில் பிடித்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் மண்ணைக் குறைக்கலாம்.

ஜெரேனியத்துக்கு மணல் கூடுதலாக வேண்டும். மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் வகைகளுக்கோ மண்ணே ஆகாது. கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டுமே போதும்.

ஊட்டியில் நீலமாகப் பார்த்து வாங்கிய ஹைட்ரேஞ்சியா பெங்களூருவில் இளஞ்சிவப்பாகப் பூத்தால் விற்றவரைத் திட்ட வேண்டாம். அமில மண்ணில்தான் அலுமினியம் கரைந்து பூவுக்கு நீலம் தரும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த போர்வெல் நீரை நாள்தோறும் ஊற்றினால் அந்த அமிலத் தன்மை போய்விடும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிற வீடுகளில் நீலம் இன்னும் சில காலம் தங்கும்.