பச்சைக் குளிசையும் ஒரு முட்டையும்

வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் போத்தல் ஒன்றைத் திறந்தார். "சீனி, பிரஷர், மூட்டுவலி எல்லாத்துக்கும் இது ஒன்னே போதும் அண்ணே." மாதிரிக்கு ஒரு குளிசையையும் கையில் வைத்தார். 500 மில்லிகிராம் சுருள்பாசி; ஸ்பைருலினா என்றால்தான் பலருக்கு விளங்கும். வீட்டில் அதைப் பொடித்துத் தண்ணீரில் போட்டேன். கருவாட்டுக்கும் காய்ந்த புல்லுக்கும் நடுவான ஒரு வாடை. காலையில் தண்ணீரில் நீலம் கசிந்திருந்தது.

சாமான் மோசமில்லை. 1990களின் தொடக்கத்தில் சென்னை முருகப்பா செட்டியார் ஆய்வு மையம் புதுக்கோட்டையில் சுமார் 5000 பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு கிராம் கொடுத்துப் பார்த்தது. விற்றமின் ஏ குறைவால் கண்ணில் விழும் புள்ளிகள் குறைந்தன. தமிழ்நாட்டு முகாம்களில் நம் இலங்கை அகதிகளுக்கு இதை வளர்க்கப் பழக்கியது ஒஃபர் நிறுவனம்.

ஆனால் கணக்கு இருக்கிறதே! எடையில் சுமார் 60 சதவீதம் புரதம் என்பது உண்மைதான். அப்படியென்றால் ஒரு குளிசையில் 0.3 கிராம். ஒரு முட்டையின் 6 கிராமுக்கு 20 குளிசை விழுங்க வேண்டும். பி12 உண்டென்று மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களிடம் விற்கிறார்கள். அதில் பெரும்பகுதி உடம்புக்கு உதவாத போலி வடிவம்.

ஆபத்து இதை வளர்க்கும் தொட்டியில் தொடங்குகிறது. 1999இல் கண்டி வாவியில் பெருகிய மைக்ரோசிஸ்டிஸும் சுருள்பாசியைப் போலவே நீலப்பச்சைப் பாசி இனமே. சுத்தமில்லாத தொட்டியில் அது கலந்தால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு தூளோடு வந்துவிடும். கண்ணும் நாக்கும் கண்டுபிடிக்காது, ஆய்வுகூடம்தான் சொல்லும். குளத்துப் பாசியை அள்ளிக் காயவைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். பீனைல்கீட்டோனூரியா உள்ள பிள்ளைகளுக்கு இது ஆகாது. லூபஸ் உள்ளவர்களும் வார்பரின் குடிப்பவர்களும் கிளினிக் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பொய்யான, ஏமாற்றும் லேபலோடு உணவு விற்பதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது. சந்தேகம் என்றால் போத்தலை எறியாமல் எம்.ஓ.எச். அலுவலகத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கொண்டுபோங்கள், மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. காசு போன கதைக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பில் கேட்டால் விற்பவர் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம்.

அன்று பஸ்ஸில் நானும் கேட்டேன், வாங்கினால் பில் தருவீர்களா என்று. "இதுக்கெல்லாம் பில்லா அண்ணே?" என்றவர், போத்தலை மூடிக்கொண்டு முன் இருக்கைக்கு மாறிவிட்டார்.