தலைகுனிவு பழக்கமாவது ஏன்? நிமிர்வது எப்படி?

சமூகம் ஒருவனுக்கு ஒரு ஸ்தானத்தை விதித்துவிட்டால், அவன் நடையும் பேச்சும் நினைவும் அதற்கே இசைந்துவிடுவது ஏன்? பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் ஆட்சியில், இன்றைய குமரி மாவட்டத்து நாடார் முதலிய ஜாதியாரில் ஆடவர் தலைப்பாகை தரிக்கவும், பெண்டிர் மார்பை மறைக்கும் தோள்சீலை அணியவும் தடை இருந்தது. நாள்தோறும் குனிந்து விலகி நடக்கும் தேகம், தாழ்மையே தன் சுபாவம் என்று மனத்துக்கும் போதித்துவிடுகிறது; சுற்றியுள்ளோர் யாவரும் அவ்வாறே நடப்பதும், மீறியவர் தண்டனை பெறுவதும் அப்போதனையை இயற்கை விதிபோல் ஸ்திரப்படுத்துகின்றன.

இக்கட்டு அவிழ்வது எப்படி? 1950களில் அமெரிக்க உளவியலறிஞர் சாலமன் ஆஷ், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய பரீட்சையில், முன்னேற்பாட்டின்படி பிறர் ஒருமித்துத் தவறு சொன்னபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் அத்தவற்றுக்கே இணங்கியதையும், உண்மை சொல்லும் துணை ஒன்று கிடைத்ததும் அவ்விணக்கம் வெகுவாகக் குன்றியதையும் கண்டார்.

அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, அதே குமரி மண்ணின் சாமித்தோப்பில் சமூகச் சீர்திருத்தஞானி அய்யா வைகுண்டர் (1809–1851) தம் அன்பரைத் தலைப்பாகை தரித்து வணங்கச் செய்தார். அவர் வழிவந்த பதிகள் எனும் வழிபாட்டிடங்களில், கருவறை போன்ற பள்ளியறையில் விக்கிரகம் இல்லை, நிலைக்கண்ணாடியே உண்டு. குனிந்து வந்தவன் அங்கே நிமிர்ந்த தன் உருவத்தையும், தன்னைப் போலவே நிமிர்ந்த பலரையும் ஒருங்கே கண்டான். பெண்டிரின் நெடிய போராட்டமும், 1859 ஜூலை 26ஆம் நாள் அரசப் பிரகடனத்தால், நிபந்தனையோடேனும் மார்பை மறைக்கும் உரிமையைப் பெற்றது.

விதிக்கப்பட்ட ஸ்தானம் ஒருவரின் சுபாவம் அன்று. குனிந்து நிற்பவர் அருகே நிமிர்ந்து நிற்கும் அந்த முதல் துணையாக நாம் இருப்போமாக.