உங்களுக்குத் தெரியுமா?

யூதாவின் கடைசி அரசன் சிதேக்கியா அழிந்ததற்குப் பைபிள் சொல்லும் காரணங்களில் ஒன்று, அந்நிய அரசனுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியது!

● பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாருக்குக் கட்டுப்படுவதாகக் கடவுள் பெயரால் ஆணையிட்டவன், எகிப்தின் உதவியை நம்பி அதை முறித்தான். எதிரிக்கே கொடுத்தாலும் சத்தியம் சத்தியம்தான் என்று கடிந்துகொள்கிறது எசேக்கியேல் 17-ஆம் அதிகாரம்.

● கி.மு. 586 வாக்கில் எருசலேம் விழுந்தது, ஆலயம் எரிந்தது. பிள்ளைகள் கண்முன்னே வெட்டப்பட, அதற்குப் பிறகே சிதேக்கியாவின் கண்கள் பிடுங்கப்பட்டன. அவன் கடைசியாகக் கண்ட காட்சி அதுதான்.

● நம் பக்கத்திலும் ஒரு பொய்ச் சத்தியம் உண்டு. ஏலமலை அடிவாரத்துப் போடிநாயக்கனூர், மதுரை நாயக்கர்களின் 72 பாளையங்களில் ஒன்று. அந்த நாயக்க அரசின் கடைசி ராணி மீனாட்சிக்குத் துரோகம் செய்யமாட்டேன் என்று, ஆற்காடு நவாபின் மருமகன் சந்தா சாகிப் குர்ஆன் மீது ஆணையிட்டார். ஆனால் குர்ஆன் என்று பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தது வெறும் செங்கல் என்பது வழிவழியாக வரும் கதை. அவர் சத்தியத்தை மீற, 1736 வாக்கில் நாயக்கர் ஆட்சி முடிந்தது. ராணி நஞ்சுண்டு இறந்தார் என்பார்கள்.

● 1741-இல் மராத்தியர், சந்தா சாகிப் கைப்பற்றியிருந்த திருச்சியைப் பிடித்து, அவரையே கைதியாக்கிக் கொண்டுபோனார்கள். போடி பாளையமோ ஜமீனாகி, அதன் பிறகும் நெடுங்காலம் நீடித்தது!