மருந்தின் பெயர் என்ன?

என் அத்தையின் வெற்றிலைப் பெட்டியில், சுண்ணாம்பு டப்பிக்குப் பக்கத்தில், நாலாக மடித்த ஒரு காகிதம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு மருந்தின் பெயர் எழுதியிருக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் அத்தை அந்தக் காகிதத்தைத்தான் முதலில் நீட்டுவாள். "இது மட்டும் எனக்கு ஆகாது, ஸார்!"

அந்தக் காகிதம் வந்த கதையைச் சொல்கிறேன்.

அத்தைக்குக் கன்னத்தில் ஒரு வலி. பல் தேய்த்தால் வலி. முகம் கழுவினால் வலி. மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்று இழுக்கும். முகத்து நரம்பில் உண்டாகும் வலி இது என்று சொல்லி, டாக்டர் கார்பமாஸெபின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். இந்த வலிக்கும் காக்காய் வலிப்புக்கும் உலகமெங்கும் கொடுத்து வரும் நல்ல மருந்துதான். நாலே நாளில் வலி குறைந்தது. அத்தை டாக்டரை வாயார வாழ்த்தினாள்.

பதினைந்தாம் நாள் ஜுரம் வந்தது. தொண்டை வலித்தது, கண் எரிந்தது. "உடம்புச் சூடு" என்றார்கள். இளநீர் கொடுத்தாயிற்று. மறுநாள் வாயெல்லாம் புண். மார்பிலும் முதுகிலும் சிவந்த திட்டுக்கள். "அம்மை போட்டிருக்கிறது" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதும் வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அம்மைக்கு மருந்து கூடாது என்று ஜுர மாத்திரையை நிறுத்தினோம். ஆனால் கன்னத்து வலி மாத்திரை? "அது வேறு விஷயம் அல்லவா?" என்று அதை மட்டும் வேளை தவறாமல் கொடுத்துக் கொண்டிருந்தோம்!

மூன்றாம் நாள் கொப்புளங்கள் கிளம்பின. புடவைத் தலைப்பு உரசின இடத்தில் தோல் வழன்று வந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இந்த இரண்டு மாதத்துக்குள் புதிதாக என்ன மருந்து சாப்பிட்டார்கள்? பெயர் என்ன?"

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. "வெள்ளை மாத்திரை" என்றோம். வீட்டுக்கு ஆள் ஓடி, மாத்திரை அட்டையை எடுத்து வர வேண்டியிருந்தது.

அம்மை என்று நினைத்தார்கள்

நாங்கள் செய்த தவறு புதிதல்ல. 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், ஜான்ஸன் என்ற இரு டாக்டர்கள் இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவனுக்கு வயது 7, மற்றவனுக்கு 8. ஜுரம், வாய்ப் புண், கண் நோய், உடம்பெல்லாம் தடிப்பு. முதலில் பார்த்த வைத்தியர் அதைக் கடுமையான மணல்வாரி அம்மை என்றே நினைத்திருந்தார். அது முதல் இந்த வியாதிக்கு 'ஸ்டீவன்ஸ்-ஜான்ஸன்' என்றே பெயர் நிலைத்தது. 1956-இல் ஆலன் லயல் என்ற டாக்டர், வெந்நீர் கொட்டியதுபோல் உடம்புத் தோல் உரிந்து போன நால்வரைப் பற்றி எழுதினார். இரண்டும் ஒரே வியாதியின் இரு படிகள் என்று இன்றைய வைத்தியர்கள் கருதுகிறார்கள். உடம்புத் தோலில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறைவாக உரிந்தால் முதல் படி. முப்பது பங்குக்கு மேல் போனால் கடைசிப் படி. கடைசிப் படியை எட்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை.

பயந்துவிட வேண்டாம். பத்து லட்சம் பேரில் வருஷத்துக்குச் சிலருக்கே இது வருகிறது. பெரியவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் காரணம் மருந்துதான். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாஸெபின், பெனிடாயின், லாமோட்ரிஜின்; மூட்டில் யூரிக் அமிலம் சேர்வதற்குக் கொடுக்கும் அலோபுரினால்; ஸல்பா மருந்துகள்; வலி நிவாரணிகளில் சில. மருந்து தொடங்கிச் சில நாட்களிலிருந்து எட்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தலை காட்டிவிடும்.

தொழிற்சாலை ரசாயனங்களும் இப்படிச் செய்வதுண்டு. உலோகச் சாமான்களில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க உபயோகிக்கும் ட்ரைகுளோரோஎதிலின் என்ற திராவகத்தால், சீனாவிலும் தாய்லாந்திலும் தொழிலாளர் சிலருக்கு வேலையில் சேர்ந்த சில வாரங்களில் ஜுரமும் கடுமையான தோல் நோயும் ஈரல் கோளாறும் கண்டிருக்கின்றன.

ஏன் சிலருக்கு மட்டும்?

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் விஷம்" என்பார்கள். இங்கே அளவு மிஞ்சவே இல்லை! பின் ஏன்?

பதில் தைவானிலிருந்து வந்தது. கார்பமாஸெபினால் இந்த வியாதி கண்ட 44 பேரின் ரத்தத்தை அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 44 பேருக்கும் பிறவியிலேயே அமைந்த ஒரே அடையாளம் இருந்தது! அதே மருந்தைச் சாப்பிட்டுச் சுகமாக இருந்த 101 பேரில் மூவருக்கு மட்டுமே அது இருந்தது. இந்த அடையாளம் உள்ளவர்களின் உடம்பில் மருந்து அதோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பின் காவற்படை சொந்தத் தோலையே எதிரியென்று எண்ணித் தாக்குகிறது.

பிறகு, மருந்து கொடுக்கு முன்பே 4,877 பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அடையாளம் இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்த வியாதி வரவில்லை என்று 2011-இல் செய்தி வந்தது. இந்தியர்களிலும் ஒரு சிலருக்கு இந்த அடையாளம் உண்டு. ஆகவே, வலிப்புக்கோ நரம்பு வலிக்கோ இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும்போது, "ரத்தப் பரிசோதனை வேண்டுமா?" என்று டாக்டரைக் கேட்பதில் தவறில்லை.

வீட்டுக்காரி செய்ய வேண்டியது

மருந்து சாப்பிடுபவருக்கு ஒரு தடிப்பு கண்டால் எல்லாமே இந்த வியாதி ஆகிவிடாது. ஆனால் ஜுரத்தோடு வாயில் புண், கண் சிவப்பு, தொட்டால் எரியும் தோல், கொப்புளம் – இவை சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காரணமான மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்குப் பிழைக்க வழி. இதைப் படித்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லாமல் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயந்து நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும்.

ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் கடைக்கு வருகிறது. அட்டையில் வியாபாரப் பெயர் இருக்கும். மருந்தின் பெயரும் அதிலேயே இருக்கும். எழுதி வைக்க வேண்டியது மருந்தின் பெயரைத்தான். ஒரு தடவை ஆகாமற் போன மருந்தை மறு தடவை தொடவே கூடாது. அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் ஆகாமற் போகலாம். பிறவி அடையாளம் ஆனதால், கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது அவசியம். நமக்குக் கேட்டது என்று மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் உபகாரமும் வேண்டாம்.

அத்தை பிழைத்தாள். தீக்காயம் பட்டவர்களைப் போல் மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். புதுத் தோல் வளர்ந்துவிட்டது. கண்ணில்தான் ஈரம் திரும்பவில்லை. தினமும் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள வேண்டும்.

"அழக்கூடக் கண்ணீர் வரவில்லையடா" என்று சிரிப்பாள் அத்தை. பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, காகிதம் இருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துக் கொள்வாள்.