தொண்ணூறு நொடி அடுப்பு

நேப்பிள்ஸின் பழைய நகரத்தில், செசாரே செர்சாலே தெருவில் 'டா மிக்கேலே' என்றொரு பீட்சாக் கடை இருக்கிறது. கொண்டுரோ குடும்பம் 1870இல் தொடங்கிய தொழில். இப்போதுள்ள இடத்துக்கு வந்தது 1930இல். பளிங்குப் பலகை போட்ட மேசைகள், வாசலில் டோக்கனோடு காத்திருக்கும் கூட்டம். நெடுங்காலம் அங்கே கிடைத்தவை இரண்டே வகைதான். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும் போட்ட மரினாரா. சீஸும் பேசில் இலையும் சேர்ந்த மார்கெரித்தா. ஏழைகளின் தெருச் சாப்பாடாகப் பிறந்த பண்டம் இது. மலிவான நாலைந்து பொருள்களில் இவ்வளவு ருசி வருவதற்கு அதைச் சுடும் விறகடுப்புதான் காரணம் என்பேன்.

செங்கல்லால் கட்டிய தாழ்வான கும்மட்டம். உள்ளே ஓரமாக விறகு எரியும். தனிப் புகைபோக்கி உள்ளே கிடையாது, வாய் ஒன்றுதான். அதன் கீழ்ப்பாதி வழியாகக் குளிர்காற்று நுழைகிறது, மேல்பாதி வழியாகப் புகை வெளியேறுகிறது. வாயின் உயரம் கும்மட்டத்தைவிடக் குறைவு என்பதால் சூடான காற்று மேலேயே தங்கிவிடும். அடுப்பு மூட்டியதும் கூரை கரிபிடித்துக் கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய்க் கூரை வெளுக்கும். வெப்பமானி இல்லாமலே சூட்டின் பக்குவம் தெரிந்துவிடும்.

அப்போது தளம் 400 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கூரை அதைவிடச் சூடு. தளத்திலிருந்து நேரடியாகவும், கூரையிலிருந்து கதிர்வீச்சாகவும், சுழலும் காற்றாலும் ஒரே நேரத்தில் வெப்பம் தாக்க, 60 முதல் 90 நொடியில் பீட்சா வெந்துவிடுகிறது. மாவிலுள்ள நீர் ஆவியாகி விளிம்பை உப்பவைக்கும். ஆனால் அந்த நீர் முழுதும் வெளியேற நேரமில்லை. அதனால்தான் மேலே கருகல் புள்ளிகள், உள்ளே பஞ்சு. வீட்டு ஓவனின் 250 டிகிரியில் பத்து நிமிடம் வேகும்போது மாவு காய்ந்து பிஸ்கெட்டாகிவிடுகிறது.

தளம் இரும்பாக இருந்தால் இந்தச் சூட்டில் அடிப்பக்கம் கரியாகிவிடும். சுட்ட களிமண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். சோரெந்தோ வட்டாரத்துக் களிமண் ஓடுகளுக்கு அங்கே தனி மதிப்பு.

அடுப்படியில் நிற்பவரின் கைத்திறனை ஒரு நுணுக்கத்தில் பார்க்கலாம். சின்ன வட்டக் கரண்டியால் பீட்சாவைத் தூக்கித் திருப்புகிறார்; திரும்ப வைப்பது முன்பு இருந்த அதே இடத்தில். ஈரமாவு பட்டு அந்த இடம் சற்றே ஆறியிருக்கும். பக்கத்தில் வைத்தால் புதுச் சூடு பட்டு அடி தீய்ந்துவிடும். இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது மிகப் பொருத்தம்.

விலை மலிவாக இருப்பதிலும் இந்த வேகத்துக்குப் பங்கு உண்டு. ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று வெந்து வந்தால் மேசை காலியாகிக்கொண்டே இருக்கும். சின்ன இடத்திலேயே பெருங்கூட்டத்துக்குப் பரிமாறலாம். குறைந்த லாபம் கட்டுப்படியாகிறது.

இந்த அடுப்பும் விறகும் எட்டாதவர்களுக்கு வேறு வழி இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வறுமையில், வீட்டு வாசலில் பெண்கள் எண்ணெய்ச் சட்டி வைத்து, மாவை மடித்துப் பொரித்து விற்றார்கள். அன்று சாப்பிட்டுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுத்தால் போதும் என்பது அவர்களின் கடன் முறை. வித்தோரியோ தெ சீக்கா 1954இல் எடுத்த 'நேப்பிள்ஸின் தங்கம்' படத்தில் சோஃபியா லோரன் அப்படிக் கடனுக்குப் பொரித்த பீட்சா விற்பவராகத்தான் வருகிறார்.