கண்வில்லைப் புரதத்தொகுதி ஆய்வு

கண்வில்லைப் புரதத்தொகுதி ஆய்வு என்பது விழிவில்லையிலுள்ள புரதங்களை ஒருசேர இனங்கண்டு, அவற்றின் அளவையும் வயதால் அவை அடையும் மாற்றங்களையும் அறியும் ஆய்வாகும். ஒரு திசுவின் புரதங்கள் அனைத்தையும் குறிக்கும் 'புரோட்டியோம்' என்னும் சொல்லை 1994 இல் மார்க் வில்கின்சு உருவாக்கினார்.

வில்லையின் தனித்தன்மை

இரத்தம், தோல் போன்ற திசுக்களில் பழைய புரதங்கள் சிதைந்து புதியவை உருவாகின்றன. வில்லையின் மையத்திலுள்ள நார் உயிரணுக்களோ உட்கருவை இழந்தவை. புதிய புரதங்களை ஆக்க இயலாதவை. ஆகவே பிறப்பதற்கு முன் உருவான கிறிசுட்டலின் புரதங்களே வாழ்நாள் முழுதும் அங்கு நிலைத்திருக்கின்றன. பழுதடைந்த புரதங்கள் ஒட்டித் திரளும்போது ஒளி சிதறி, கண்புரை உண்டாகிறது. இத்திரட்சியை ஆல்ஃபா கிறிசுட்டலின் ஓரளவு தடுக்கிறது.

ஆய்வு முறை

புரதங்கள் டிரிப்சின் நொதியால் சிறு பெப்டைடுகளாக வெட்டப்படுகின்றன. பின்னர் நிறை நிறமாலைமானி அவற்றின் நிறையை அளக்கிறது. எடுத்துக்காட்டாக, அசுபரசின் என்னும் அமினோ அமிலம் தன் அமைடு தொகுதியை இழந்தால் நிறை ஏறத்தாழ 1 டால்டன் கூடும். புரதம் உருவான பின் நேரும் இத்தகைய மாற்றங்களை மரபணுவைப் படித்து மட்டும் அறிய முடியாது.

பயன்

முற்றிய கண்புரைக்கு இன்று அறுவை சிகிச்சையே தீர்வு. அதனை மருந்தால் தடுக்க வேண்டுமாயின், எந்தப் புரதம் எவ்விடத்தில் பழுதடைகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அதனையே இவ்வாய்வு தேடுகிறது.