பள்ளிக்கூட மைதானம்: பூட்டிக் கிடக்கும் ஊர்ச் சொத்து





அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது நம் ஊர்களில் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து யார் வீட்டு ஜன்னலிலோ படும். ஒரு பாட்டி வெளியே வந்து திட்டுவார். இரு சக்கர வாகனம் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஸ்டம்புக்கு நடுவில் புகுந்து போகும். "தெருவில் ஆடாதீங்கடா" என்று நாமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவோம். எங்கே ஆடுவது என்று மட்டும் சொல்ல மாட்டோம்.

அதே ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மைதானமும் இருக்கிறது. மாலை நாலேகால் மணிக்கு மேல் அதற்குப் பூட்டு. இல்லையென்றால் சீமைக் கருவேல முள்ளும், மழை பெய்தால் முழங்கால் சேறும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பல ஊர்களின் நிலை இதுதான். இந்த மைதானங்களைச் சீர்செய்து எல்லாச் சமூகத்தாரும் முறை வைத்துப் பயன்படுத்த முடியுமா, மார்க்கம் அதற்கு என்ன சொல்கிறது, நடைமுறையில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

விளையாட்டும் மார்க்கமும்

விளையாட்டு என்றாலே வீண் என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு உண்டு. நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நீண்ட தூரமும், பயிற்சி பெறாதவற்றுக்குக் குறைந்த தூரமும் வைத்தார்கள் (புகாரி). அஸ்லம் குலத்தார் அம்பெய்து பழகியபோது அவர்களை உற்சாகப்படுத்தினார்கள் (புகாரி). பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்க்க அனுமதித்தார்கள் (புகாரி). ஆயிஷா (ரலி) அவர்களோடு தாமே ஓட்டப் பந்தயமும் ஓடினார்கள் (அபூதாவூத்).

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓதிவிட்டு வரும் பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிப்பிலேயே கட்டிப்போட்டால் உள்ளம் செத்து அறிவு மழுங்கிவிடும் என்று எச்சரிக்கிறார்கள். சொல்பவர் ஒரு மதரஸா ஆசிரியர் என்பதை மறந்துவிடக் கூடாது. மக்தப் நடத்தும் நாமும், பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலுழைப்புள்ள அசைவு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் பிள்ளைகளின் மாலை நேரம் எங்கே போகிறது? வாப்பா வளைகுடாவில் இருப்பார். உம்மா வீட்டில் தனியாகச் சமாளிப்பார். பிள்ளை கையில் கைப்பேசி. அதுவும் சலித்துவிட்டால் வாலிபர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போகும் இடங்களில் ஒன்று கைவிடப்பட்ட குவாரிக் குட்டை. பெரம்பலூரின் கல் குவாரிகளிலும் அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் தேங்கும் நீரின் ஆழம் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை லாரிகள் ஓடும் சாலையில் பந்து துரத்துவதும் ஆபத்துதான். பாதுகாப்பான ஓர் இடத்தைக் காட்டாமல் "அங்கே போகாதே, இங்கே ஆடாதே" என்று சொல்வதால் மட்டும் பயன் இல்லை.

ஏன் பள்ளிக்கூட மைதானம்?

சட்டமன்றத் தொகுதி தோறும் 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் என்று தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் என நான்கு தொகுதிகள்தான். கிராம ஊராட்சிகளோ பெரம்பலூரில் 121, அரியலூரில் 201, மொத்தம் 322. பத்து வயதுப் பிள்ளை பேருந்து ஏறி அரங்கத்துக்குப் போய் விளையாடிவிட்டு மஃரிபுக்குள் வீடு திரும்ப முடியாது.

ஊராட்சி தோறும் விளையாட்டுப் பொருட்கள் வழங்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கியது. 33 வகைப் பொருட்கள் கொண்ட தொகுப்பு அது. கிரிக்கெட் மட்டையும் கைப்பந்தும் ஊருக்குள் வந்துவிட்டாலும் ஆட இடம் வேண்டுமே!

அந்த இடம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருக்க வேண்டியவற்றுள் விளையாட்டு மைதானத்தையும் சேர்த்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் வகுப்பு இல்லாத நேரங்களில் பள்ளிக்கூட வசதிகளைச் சமூகப் பணிகளுக்கும் சமூக ஒற்றுமைக்கும் பயன்படுத்தலாம் என்கிறது. அந்தக் கொள்கையின் பிற அம்சங்களில் தமிழகத்துக்கு மாறுபாடு உண்டு. ஆனால் இந்தக் கருத்தில் யாருக்கும் சண்டை இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே கல்வி அமைச்சும் விளையாட்டு அமைப்பும் சேர்ந்து நடத்தும் 'இருபயன் திட்டம்' என்று ஒன்று உண்டு. அதன்படி பல பள்ளிகளின் மைதானங்கள் வகுப்பு முடிந்த பிறகு பொதுமக்களுக்கு இலவசமாகத் திறக்கப்படுகின்றன. வகுப்பறைக் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நடுவே வேலி இருக்கும். மைதானத்துக்குத் தனி வாசல் இருக்கும். விளையாட வருபவர் வகுப்பறைப் பக்கம் போக முடியாது. தலைமையாசிரியரின் கவலையில் பாதி இந்த வேலியிலேயே தீர்ந்துவிடும்.

நமக்கென்று தனி மைதானமா?

"ஜமாஅத் சார்பில் நம் பிள்ளைகளுக்கென்று தனியாக இடம் வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். வசதியுள்ளவர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து டர்ஃப் மைதானத்துக்குப் போகிறார்கள். என் கருத்து, முதலில் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம், மற்றதெல்லாம் பிறகு என்பதுதான். காரணம் செலவு மட்டும் அல்ல.

நம் மாவட்டத்து வி.களத்தூரில் ஊர்வலப் பாதை பற்றிய பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தெருக்களும் சாலைகளும் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானவை என்று 2021-ல் தீர்ப்பு வந்தது. யார் சரி, யார் தவறு என்று பேச நான் இதைச் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வசித்தும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல் வளரும் தலைமுறை, சிறு மனவருத்தம் வந்தாலும் பேசித் தீர்க்க ஆள் இல்லாமல் நிற்கும். ஒரே கபடி அணியில் ஆடியவர்கள் அப்படி நிற்க மாட்டார்கள். அவர்களுக்குள் சண்டை வந்தாலும் மறுநாள் மாலை மைதானத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நபித்துவத்துக்கு முன் மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதற்காக ஏற்பட்ட 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்கள் பங்கு கொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அப்படிப்பட்ட ஒன்றுக்கு அழைத்தால் ஏற்பேன் என்று சொன்னார்கள். பொது நன்மைக்காகப் பிற சமூகத்தாரோடு ஒரே குழுவில் உட்காருவதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டுமா?

அனுமதி முதலில்

மைதானம் நம் ஊரில் இருப்பதால் சுவர் ஏறிக் குதித்து ஆடலாம் என்று ஆகிவிடாது. மஸ்ஜிதுந் நபவி எழுந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் அதை இலவசமாகத் தர முன்வந்தும் நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். பள்ளிவாசலுக்கே உரிமையாளரின் உரிமை பார்க்கப்பட்டது என்றால் விளையாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் முதல் உரிமை அங்கே படிக்கும் மாணவர்களுக்குத்தான்.

தொடங்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 2024-ல் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அக்குழுவில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். கிராம சபையிலும் தீர்மானம் கொண்டுவரலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. லெப்பைக்குடிகாடு போன்ற பேரூராட்சிகளில் மன்ற உறுப்பினர் வழியாகக் கேட்க வேண்டும். கிராம சபைக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம் என்பதை நாமே கேட்டுக்கொள்வோம்.

எப்படிச் சீர்செய்வது?

பெரிய இடம் வேண்டும் என்று எண்ண வேண்டாம். கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24-க்கு 15. ஆண்கள் கபடிக் களம் 13-க்கு 10. சுற்றிலும் 4 மீட்டர் விட்டாலும் 21-க்கு 18 போதும். அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். அதில் இந்த இரண்டும் போக, சிறு பிள்ளைகளுக்கும் இடம் மிஞ்சும். சதுரமான அரை ஏக்கரின் ஓரமாக நடைபாதை போட்டால் ஆறு சுற்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சர்க்கரை நோய்க்காக நெடுஞ்சாலை ஓரத்தில் நடக்கும் நம் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி.

நம் பகுதியில் பல இடங்களில் கரிசல் மண். மழையில் ஊறிப் பிசுபிசுக்கும், கோடையில் வெடித்துப் பிளக்கும். எனவே முள்ளை வேரோடு எடுத்துச் சமன் செய்த பிறகு, செம்மண் கிராவல் பரப்பித் தண்ணீர் தெளித்து உருளை ஓட்ட வேண்டும். நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, ஓரத்துக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு விட்டால் தண்ணீர் தேங்காது. மேற்குப் பக்கம் வேம்பும் புங்கனும் வைத்தால் சில ஆண்டுகளில் மாலை வெயிலுக்கு நிழல் கிடைக்கும். குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் அவசியம். கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

பணம் எங்கிருந்து?

அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தருகிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாக வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்களும் தாம் படித்த அரசுப் பள்ளிக்கு நேரடியாக நன்கொடை அனுப்பலாம். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி நிதியையும் கேட்கலாம்.

இங்கே ஒரு மார்க்கச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஜகாத் பணத்தை மைதானத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஜகாத் குர்ஆன் (9:60) வரையறுத்த எட்டு வகையினருக்கு உரியது. கட்டடம், சாலை போன்ற பொதுப் பணிகளுக்கு அதைச் செலவிட முடியாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. பள்ளிவாசலுக்கென்று வக்ஃபு செய்யப்பட்ட சொத்தின் வருமானத்தையும் இதற்குத் திருப்பக் கூடாது. இதற்கென்றே தனியாக ஸதகா வசூலித்து, தனிக் கணக்கு வைத்து, வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.

போட்டிப் பரிசிலும் கவனம் தேவை. ஆடும் அணிகளிடம் பணம் வாங்கி, அந்தப் பணத்தையே வென்றவருக்குப் பரிசாகக் கொடுப்பது சூதின் சாயல் கொண்டது. வெளியில் ஒருவர் அன்பளிப்பாகத் தரும் பரிசை இக்கால அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள்.

முறை வைத்தால் சண்டை இல்லை

அதிகாலையில் ஃபஜ்ருக்குப் பின் நடைப்பயிற்சி. பள்ளி நேரத்தில் மாணவர்கள் மட்டும். மாலை நாலேகால் முதல் மஃரிபுக்குக் கால் மணி முன்பு வரை விளையாட்டு. வாரத்தில் குறிப்பிட்ட நேரம் பெண் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் மட்டும். மக்தப் நேரத்தை மஃரிபுக்குப் பின் மாற்றினால் ஓதலும் கெடாது, விளையாட்டும் கெடாது. கோயில் திருவிழா, பெருநாள், தேர்வுக் காலம் எல்லாவற்றையும் குழுவில் முன்கூட்டியே பேசி எழுதி வைக்க வேண்டும். சாவி வைத்திருப்பவர் யார், குப்பை அள்ளுபவர் யார், உடைந்தால் பொறுப்பு யார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். புகை, மது, பந்தயம் மூன்றுக்கும் வாசலிலேயே தடை.

நம் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்காக ஆடினார். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். நம் மண்ணில் திறமைக்குக் குறை இல்லை. எல்லாப் பிள்ளைகளும் இந்திய அணிக்குப் போகப் போவதில்லை, போகவும் வேண்டியதில்லை. வியர்வை வர ஓடி, தோற்றாலும் கை குலுக்கி, பாங்கு கேட்டதும் பந்தை எடுத்து வைத்துவிட்டுத் தொழ வரும் பிள்ளையாக வளர்ந்தால் அதுவே நமக்குப் போதும்.

அடுத்த கிராம சபைக்கு ஊருக்குப் பத்துப் பேராவது இந்தக் கோரிக்கையோடு போவோம். பக்கத்துத் தெரு அண்ணன்மாரையும் உடன் அழைத்துப் போவோம். மனுவில் முதல் கையெழுத்தை அவர்களையே போடச் சொல்வோம்.

நம் பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும் நல்லொழுக்கத்தையும், நம் ஊர்களுக்கு ஒற்றுமையையும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக! ஆமீன்.